சமகாலக் கலை கியூரேட்டர் என்னதான் செய்வார்?

பாலிடெக்னிக் முடிக்கப்போகும் மகள் கியூரேட்டராக, அதாவது கலைக் கண்காட்சிகளைத் திட்டமிட்டு அமைப்பவராக, ஆசைப்படுகிறாள், ‘சுவரில் படம் மாட்ட ஒரு பட்டமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டுவது கடைசி வேலை. எதை, எதன் பக்கத்தில், ஏன் வைப்பது என்று முடிவெடுக்கவே மாதக்கணக்கில் வாசிக்க வேண்டும், கலைஞர்களைத் தேடிப் போய்ப் பேச வேண்டும்.

சமகாலக் கலையில் படைத்தவர் பெரும்பாலும் நம்மோடு இருப்பார். அது பெரிய வரம். படைப்பைக் காட்டும் பழைய ப்ரொஜெக்டர் கிடைக்காவிட்டால் வேறொன்றில் காட்டலாமா, உதிரும் பொருளை மாற்றலாமா என்று அவரிடமே கேட்டு எழுதி வைக்கலாம். 1988இல் எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜபார் மூவரும் இங்கே சிங்கப்பூரில் நடத்திய ‘திரிமூர்த்தி’ கண்காட்சியில், கலைஞரே பார்வையாளர் முன் நிகழ்த்திக் காட்டும் நிகழ்த்துகலையும் இருந்தது. அப்படிப்பட்ட படைப்பில் மிஞ்சுவது புகைப்படங்களும் நினைவுகளும்தான். அவற்றைத் திரட்டிக் காப்பதும் இந்த வேலையே. எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி அதுதான்.

சரி, படிப்பு? கலை வரலாற்றில் பட்டம், அப்புறம் முதுகலை. லசால் கலைக் கல்லூரி, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டின் பாடத்திட்டங்களையும் பாருங்கள். மலாயும் தமிழும் வாசிக்கத் தெரிந்தால், தென்கிழக்காசியக் கலையை ஆராய்பவருக்கு அது தனி பலம். முதலில் ஒரு சனிக்கிழமை தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க்கில் உள்ள சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகத்துக்கு அவளோடு போய் வாருங்கள்.