சர்க்கரையை நிறுத்தியும் எடை குறையவில்லை. சோற்றையும் விட வேண்டுமா?

கேள்வி: மன்னார்குடி அருகே விவசாயக் குடும்பம். வயது 44, எடை 78 கிலோ. காபிக்கு வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டேன். மதியம் மட்டும்தான் சோறு. ஆனாலும் எடை இறங்கவில்லை. நெல் விளைகிற வீட்டில் சோற்றையே விட்டுவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம், அம்மா. ஆனால் ‘மதியம் மட்டும்தான் சோறு’ என்கிறீர்களே, அங்கேதான் கணக்கு உதைக்கிறது. காலையில் இட்லி, இரவில் தோசை என்றால் அவையும் பெரும்பாலும் அரிசிதான். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்துதானே போடுகிறோம்? அப்படியென்றால் மூன்று வேளையும் அரிசியே சாப்பிடுகிறீர்கள்.

நாட்டுச் சர்க்கரை பற்றியும் சொல்லியாக வேண்டும். நிறம்தான் மாறியிருக்கிறது, கலோரி கிட்டத்தட்ட அதேதான். நாளுக்கு நான்கு டம்ளர் காபி, டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் ஏறத்தாழ 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன விரும்பத்தக்க அளவோ சுமார் 25 கிராம். முதலில் டம்ளருக்கு அரை ஸ்பூனாகக் குறையுங்கள். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். காபியுடன் தொட்டுக்கொள்ளும் ரஸ்க்கும் பிஸ்கட்டும் மைதாவும் சர்க்கரையும்தான். தவிட்டையும் நாரையும் நீக்கிய மாவு சீக்கிரம் செரித்து ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். வயிறும் சீக்கிரம் காலியாகிவிடும். அந்த நேரத்துக்குச் சுண்டல் அவித்து வையுங்கள்.

இனி சோறு. வீட்டில் ஆழாக்கு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆழாக்கு அரிசியில் ஏறத்தாழ 500 கலோரி. உங்கள் பங்குக்கு மதியம் அரை ஆழாக்கு அரிசி போதும். நம் பக்கத்தில் குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று சோறு விழுந்துகொண்டே இருக்கும். எடை ஏறுவதற்கு இந்த மூன்று சுற்றே பல வீடுகளில் முக்கியக் காரணம் என்பேன். குழம்புக்கு மட்டும் சோறு போட்டுக்கொண்டு, ரசத்தையும் மோரையும் டம்ளரில் வாங்கிக் குடியுங்கள். சோறு குறைந்த இடத்தில் வாழைத்தண்டுக் கூட்டு, கீரை, கொத்தவரங்காய்ப் பொரியல் தாராளமாக இருக்கட்டும். முட்டையோ மீனோ கெட்டிப் பருப்போ ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும். இவை இல்லாமல் சோற்றை மட்டும் குறைத்தால் நான்கு மணிக்கே பசி வந்துவிடும். மாப்பிள்ளைச் சம்பா நல்ல அரிசி, நார்ச்சத்து உண்டு. ஆனால் அதற்கும் அளவு அதேதான்.

முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ குறைந்தால், அதில் பெரும்பகுதி உடலில் தேங்கியிருந்த நீர். பிறகு வாரத்துக்கு அரை கிலோ குறைந்தாலே நல்ல வேகம். இடுப்பையும் அளந்து வாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் அசையவில்லை என்றால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவராக இருந்தால், மருத்துவரைப் பார்க்காமல் சோற்றைக் குறைக்கவே வேண்டாம். மருந்தின் அளவை மாற்றாமல் உணவை மட்டும் குறைத்தால் ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரக்கூடும்.