பெட்டியின் மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும்: வீட்டுக் கருவிகள் பற்றிக் கேள்வி பதில்

எனக்கு வேலை பழுது பார்ப்பது, பழக்கம் பிரித்துப் பார்ப்பது. வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் புத்திசாலிக் கருவிகளில் கையில் கிடைத்ததையெல்லாம் திறந்து பார்த்திருக்கிறேன். சிலவற்றைத் திரும்ப மூடவும் முடிந்தது. எதைத் திறந்தாலும் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: இது உண்மையில் எதை உணர்கிறது? வெப்பத்தையா, ஒளியையா, மின்சாரம் பாய்வதையா? அது தெரிந்துவிட்டால் பெட்டியின் மேல் எழுதியிருப்பதில் எது நடக்கும், எது நடக்காது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

கேள்வி: ஆள் வந்தால் தானே எரியும் விளக்கைக் கழிப்பறையில் மாட்டினேன். உள்ளே போனதும் எரிகிறது. உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. இருட்டில் கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது சார். சென்சார் பழுதா?

பழுதில்லை, ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. "ஆள் இருப்பதை அறியும்" என்று விற்றார்கள் பாருங்கள், அங்கேதான் கோளாறு. உங்களுடையது பி.ஐ.ஆர். வகை, அதாவது சூடான உடம்பு வெளிவிடும் அகச்சிவப்பைப் பார்ப்பது. அதன் முன்னால் இருக்கும் வெள்ளைக் குமிழ் அறையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கிறது. சூடான ஏதோ ஒன்று ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு நகர்ந்தால்தான் சென்சாருக்குச் சேதி போகும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் மனிதரும் சுவரும் அதற்கு ஒன்றுதான்.

செலவில்லாத வழி, விளக்கின் பின்பக்கம் நேரத்தைக் கூட்டும் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிடத்துக்கு வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இல்லையென்றால் மில்லிமீட்டர் அலை ரேடார் சென்சார் உள்ள விளக்காக மாற்றுங்கள். மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குவதைக்கூட அது கண்டுபிடிக்கும். ஆனால் அதுக்கும் ஒரு குணம் உண்டு: மெல்லிய தடுப்புச் சுவரைத் தாண்டியும் பார்க்கும், ஆடும் திரைச்சீலையையும் ஆளென்று நினைக்கும்.

பி.ஐ.ஆர். மாட்டுகிறவர்களுக்கு இன்னும் மூன்று விஷயம். நேராக அதை நோக்கி நடந்து வருகிறவரைவிடக் குறுக்கே நடப்பவரை அது சீக்கிரம் பார்க்கும், அதனால் வாசலுக்கு எதிரே வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். அறையின் சூடு உடம்புச் சூட்டை நெருங்கும் நாட்களில் மந்தமாகிவிடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் நின்றாலும் அதற்குத் தெரியாது.

கேள்வி: காற்று சுத்திகரிப்பான் நாள் முழுக்கப் பச்சை காட்டுகிறது. பக்கத்து அறையில் ஈரப்பதம் கூட்டும் கருவியைப் போட்டால் உடனே சிவப்பாகிவிடுகிறது. எது கெட்டுப்போனது?

இரண்டுமே நன்றாக இருக்கின்றன. சுத்திகரிப்பானின் உள்ளே ஒரு சின்ன லேசர் இருக்கிறது. காற்றில் மிதக்கும் துகள் அந்த ஒளியைச் சிதறடிப்பதை வைத்துக் கணக்குப் போடுகிறது. சிதறடித்தது புகையா, நீர்த்துளியா என்று அது கேட்பதில்லை. உங்கள் ஈரப்பதக் கருவி மீயொலி வகையாக இருக்கும். அது தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை, அதிர்த்துத் துளியாகவே வெளியே தள்ளுகிறது. குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அதில் கரைந்திருக்கும் உப்புகளும் கூடவே பறந்து, துளி காய்ந்ததும் வெள்ளைத் தூளாக மிஞ்சும். கறுப்பு மேசை மேல் நீங்களே பார்த்திருப்பீர்கள். அதனால் அந்தச் சிவப்பு விளக்கு முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், வெள்ளைத் தூள் வெகுவாகக் குறையும்.

அதே நபர்: அப்படியானால் பச்சை எரியும்போதும் காலையில் எழுந்தால் அறை ஏன் புழுக்கமாக, தலை கனமாக இருக்கிறது?

கதவை அடைத்துக்கொண்டு தூங்கினால் கார்பன் டை ஆக்சைடு சேரும். ஹெப்பா வடிகட்டி துகளைப் பிடிக்கும், 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதுதான் அதன் இலக்கணம். வாயு அதற்குள் தாராளமாகப் போய் வரும். இதற்கு மருந்து ஜன்னல். அளந்து பார்க்க ஆசையிருந்தால் என்.டி.ஐ.ஆர். சென்சார் (அந்த வாயு அகச்சிவப்பு ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று அளப்பது) உள்ள மீட்டராக வாங்குங்கள். மலிவானவற்றில் பல வேறு ஏதோ ஆவியை முகர்ந்துவிட்டுக் கார்பன் டை ஆக்சைடு இவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கின்றன. சானிடைசர் பாட்டிலைப் பக்கத்தில் திறந்ததும் எண் தாவினால் அது ஊகிக்கும் வகை. வாங்கியதும் மீட்டரை வெளியே வைத்துப் பாருங்கள். திறந்த வெளியில் 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் நிற்க வேண்டும்.

கேள்வி: பிளக்கில் செருகினால் மின் கட்டணத்தைப் பாதியாக்கும் பெட்டி என்று விளம்பரம் வருகிறதே, வாங்கலாமா?

வேண்டாம். உள்ளே ஒரு மின்தேக்கியும் ஒரு எல்.இ.டி. விளக்கும் இருக்கும், சிலவற்றில் விளக்கு மட்டும்தான். மின்தேக்கி பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலை செய்கிறது என்பதை, கொஞ்சம் சரிசெய்யலாம். ஆனால் வீட்டு மீட்டர் கணக்கிடுவது நீங்கள் உண்மையில் செலவழித்த யூனிட்டை, அதில் இந்தப் பெட்டிக்கு ஒரு வேலையும் இல்லை. அந்த எல்.இ.டி. எரிகிற செலவுதான் மிச்சம்.

கேள்வி: ரோபோ துடைப்பான் புதுக் கறுப்பு விரிப்பின் ஓரம்வரை வந்து நின்றுவிடுகிறது, பேய் பார்த்த மாதிரி பின்வாங்குகிறது. வீட்டில் இரண்டு பூனைகள் உண்டு. உறிஞ்சும் சக்தி அதிகமுள்ளதாக மாற்ற வேண்டுமா அண்ணா?

அது பார்த்தது பேயை இல்லை, பள்ளத்தை. அடிப்பக்கம் விளிம்பை ஒட்டிச் சில சென்சார்கள் அகச்சிவப்பு ஒளியைத் தரைமேல் அடித்து, திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போகும். வராவிட்டால் மாடிப்படி விளிம்பு என்று பொருள். கறுப்பு விரிப்பு ஒளியை விழுங்கிவிடுகிறது, ரோபோ கால் எடுத்து வைக்கப் பயப்படுகிறது. அந்தச் சென்சார் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டிவிடச் சொல்லும் யோசனை பரவலாக உண்டு. வேலை செய்யும். ஆனால் வீட்டில் இறங்கும் படி ஒன்றே ஒன்று இருந்தாலும் செய்யாதீர்கள், ரோபோ நேராகக் குதித்துவிடும். படியே இல்லாத தளமென்றால் சரி. சில மாடல்களில் செயலிக்குள்ளேயே அந்தச் சென்சாரை அணைத்து வைக்கலாம்.

உறிஞ்சும் சக்தியைப் பாஸ்கல் கணக்கில் பெரிதாகப் போட்டிருப்பார்களே, அது பெரும்பாலும் வாயை முழுசாக அடைத்து அளந்த அழுத்தம். தரையில் ஓடும்போது எவ்வளவு காற்று பாய்கிறது, பிரஷ் எப்படி வாருகிறது என்பதுதான் முக்கியம். பூனை முடிக்கு ரப்பர் உருளையாகப் பாருங்கள், மயிர்ப் பிரஷ்ஷைவிடச் சிக்கு குறையும். ரூம்பா என்ற ரோபோ துடைப்பான் 2002-இல் வந்தபோது முட்டி மோதித்தான் வழி கண்டுபிடித்தது. இப்போது லேசரைச் சுழற்றி வரைபடமே போடுகிறார்கள். ஆனாலும் லேசர் கோபுரம் தலையில் இருப்பதால், அதற்குக் கீழே தரையில் கிடப்பது அதற்குத் தெரியாது. எங்கள் வீட்டில் பூனை ஒரு ராத்திரி ஓரமாகச் செய்து வைத்ததை ரோபோ மூன்று அறைக்கும் கோடு போட்டு விநியோகித்தது. அன்றிலிருந்து அது பகலில்தான் ஓடும், யாராவது தரையைப் பார்த்த பிறகு.

கேள்வி: தண்ணீரில் முக்கினால் எண் காட்டும் டி.டி.எஸ். பேனா வாங்கினேன். 60 காட்டுகிறது. அப்படியே குடிக்கலாமா?

அந்த எண்ணை வைத்து முடிவு செய்ய முடியாது. டி.டி.எஸ். என்றால் தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று அளந்து, அதை உப்பின் அளவாக மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவே. கிருமி அதற்குத் தெரியாது. ஈயம் ஆபத்தான அளவில் இருந்தாலும் அது மொத்த உப்புக்கு முன்னால் துளி என்பதால் எண் அசையாது. உப்பை வடிக்கும் சவ்வு தேய்கிறதா என்று பார்க்க, போகும் தண்ணீரையும் வரும் தண்ணீரையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நல்ல கருவி.

கேள்வி: பவர் பேங்கில் 10,000 எம்.ஏ.எச். என்று போட்டிருக்கிறது. என் போன் 5,000. இரண்டு முறை முழுசாக ஏறவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்று என்று சொல்ல முடியாது, அரை உண்மை. அந்த 10,000 உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு, அது 3.7 வோல்ட்டில். பெருக்கினால் 37 வாட்-அவர். வெளியே வருவது 5 வோல்ட், அதில் கணக்கிட்டால் 7,400. மாற்றும்போது சூடாகப் போவதையும் கழித்தால் 6,000 - 6,500 கையில் நிற்கும். உங்கள் போனின் 5,000 ஏறக்குறைய 19 வாட்-அவர். ஆக ஒன்றரை முறை ஏறினால் நல்ல சரக்கு என்று அர்த்தம். எப்போதும் வாட்-அவரைப் பாருங்கள். விமானத்திலும் அதைத்தான் பார்ப்பார்கள்: பொதுவாக 100 வாட்-அவர் வரை தனி அனுமதி தேவையில்லை, கைப்பையில் மட்டும்.

கேள்வி: ஸ்மார்ட் பிளக் வழியாக அறை ஹீட்டரைப் போட்டுவைத்து, வீட்டுக்கு வரும் வழியிலேயே போனில் இயக்கலாமா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நானே சூடு பட்டவன். பிளக்கில் 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தது, 230 வோல்ட்டில் 2,300 வாட். ஹீட்டர் 2,000 வாட்தானே என்று மாட்டினேன். மூன்றாவது வாரம் கருகிய வாசனை. கழற்றினால் முனைக்குப் பக்கத்துப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. எழுதியிருக்கும் ஆம்பியரைக் கொஞ்ச நேரம் தாங்குவது வேறு, மணிக்கணக்காகத் தாங்குவது வேறு. உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே சின்னது, தொடும் முனை கொஞ்சம் தளர்ந்தாலும் சூடு அங்கேதான் சேரும்.

அப்புறம், ஆளில்லாத வீட்டில் ஹீட்டரை இயக்குவதே தப்பு. அதன் மேல் துணி விழுந்திருக்கிறதா என்று பிளக்குக்கு எப்படித் தெரியும்?

நான் ஸ்மார்ட் பிளக்கை விரும்புவது வேறு காரணத்துக்காக. மின்சாரத்தை அளந்து காட்டும் வகையாக ஒன்று வாங்கி, ஒவ்வொரு கருவியோடும் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். அணைத்துவிட்டதாக நினைப்பவற்றில் எது குடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். 5 வாட் இடைவிடாமல் இழுத்தால் வருடத்துக்கு 44 யூனிட் அளவில் போகும். எங்கள் வீட்டில் பழைய ஸ்பீக்கர் ஒன்று பாடாமலே 9 வாட் தின்றுகொண்டிருந்தது.

கேள்வி: போனில் நிறம் மாற்றும் பல்பு போட்டேன். மாமியார் வழக்கம்போலச் சுவர் சுவிட்சை அணைத்துவிடுகிறார். அதன்பின் செயலி "சாதனம் இல்லை" என்கிறது. அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

அவர் செய்வது சரி. விளக்கை அணைக்க சுவிட்சைத் தொடுவதுதான் இயல்பு, மாற வேண்டியது பல்பு. சாதா பல்பைப் போட்டு, சுவிட்சின் பின்னால் ஸ்மார்ட் ரிலே வைத்துவிடுங்கள். சுவிட்சும் வேலை செய்யும், போனும் வேலை செய்யும். சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் கம்பி இருக்கிறதா என்று மின்பணியாளரிடம் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரல் இல்லாத வகை ரிலே விளக்கின் வழியாகவே சிறிது மின்சாரம் இழுக்கும், அதனால் சில எல்.இ.டி. பல்புகள் அணைத்த பிறகும் மங்கலாக மினுங்கும். நிறம் மாற்றுவதுதான் வேண்டும் என்றால், அதை மேசை விளக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் வாங்கிய கேமராவின் நிறுவனம் சர்வரை மூடிவிட்டது. இப்போது அது வெறும் பொம்மை. அடுத்த முறை எதைப் பார்த்து வாங்குவது?

கடையிலேயே கேட்க வேண்டிய கேள்வி: இணையம் அறுந்தால் இது என்ன செய்யும்? வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் கருவிகள் உண்டு. ஜிக்பீ, இசட்-வேவ் என்ற கம்பியில்லா முறைகள் ரொம்ப நாளாக இருக்கின்றன. 2022-இல் வந்த மேட்டர் முறையும் வீட்டு வலையிலேயே பேசும்படி அமைத்தது. கேமரா என்றால் மெமரி கார்டில் பதியுமா, வேறு மென்பொருளுக்குப் படம் கொடுக்குமா என்று பாருங்கள். வாங்கிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்ட கேமரா, ரவுட்டர் போன்றவற்றைத்தான் படையாகத் திரட்டியது.

கேள்வி: சாவிக்கொத்தில் மாட்டும் டிராக்கருக்குப் புது நாணய பேட்டரி போட்டும் உயிர் வரவில்லை.

சில நிறுவனங்களின் பேட்டரி மேல், குழந்தை வாயில் போட்டால் துப்பிவிடட்டும் என்று, கசப்புப் பூச்சு இருக்கும். சில டிராக்கர்களின் முனை அதன் மேல் சரியாகத் தொடுவதில்லை, பூச்சில்லாததைப் போட்டால் வேலை செய்யும். ஆனால் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்தக் கசப்பு எதற்கென்று தெரிந்துகொள்ளுங்கள். நாணய பேட்டரி தொண்டையில் சிக்கினால் எச்சிலில் மின்சாரம் பாய்ந்து காரம் (அல்கலி) உருவாகி, இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். தீர்ந்துபோன பேட்டரியும் அதைச் செய்யும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள், வெளியே வருமென்று காத்திருக்காதீர்கள். மூடியில் திருகாணி இல்லாத ரிமோட்டை நான் வீட்டில் வைப்பதில்லை.

கேள்வி: ஈரப்பதம் காட்டும் இரண்டு மீட்டர்கள். ஒன்று 58, ஒன்று 66. எதை நம்ப?

ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈரச் சேறுபோல ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, இரண்டு மீட்டரோடும் சேர்த்து ஒரு டப்பாவில் அடைத்து ஒரு நாள் வையுங்கள். உள்ளே 75 சதவீதம் நிற்கும். எது எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அதை முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன். எதை வாங்கட்டும்?

தண்ணீர்க் கசிவைச் சொல்லும் சென்சார். இணையம், செயலி எதுவும் இல்லாத, வெறுமனே அலறும் வகை போதும். அடியில் இரண்டு உலோகப் புள்ளி, நடுவே தண்ணீர் வந்தால் மின்சாரம் பாயும், கத்தும். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அடியில் ஒன்று, கழுவு தொட்டிக்குக் கீழே ஒன்று. வாங்கியதும் விரலை நனைத்து இரண்டு புள்ளியையும் சேர்த்துத் தொட்டுப் பாருங்கள். அடுத்த அறையில் தூங்குகிறவர் எழுந்து வந்து திட்டவில்லையென்றால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.