பானெட்டைத் தூக்கி வைத்தால் சூடு குறையுமா?

கேள்வி: என் டீசல் ஃபோர் வீல் டிரைவில் இன்டர்கூலர் (டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றைக் குளிர வைக்கும் பாகம்) இன்ஜினுக்கு மேலேயே இருக்கிறது. கொல்லிமலை ஏறும்போது இழுவை குறைகிறது. பானெட்டின் பின்பக்கம் வாஷர் கொடுத்துத் தூக்கலாமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: வேண்டாம் சார். வேகமாகப் போகும்போது முன்கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் அதிகம், அதனால் சூடு வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே புகப் பார்க்கும், அதோடு பானெட் மேலுள்ள காற்றுத் திறப்பான ஸ்கூப்புக்கும் இன்டர்கூலருக்கும் நடுவிலுள்ள ரப்பர் சீலிலும் இடைவெளி விழும். முதலில் அந்த சீலைத்தான் பாருங்கள். கிழிந்திருந்தால் காற்று பக்கவாட்டில் நழுவிவிடும், எவ்வளவு பெரிய ஸ்கூப் இருந்தும் வீண். இன்டர்கூலர் தகடுகளில் படிந்த தூசியைக் குழாய்த் தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள், பிரஷர் வாஷர் அடித்தால் தகடு மடங்கிவிடும். அப்புறம் காற்றுக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் ஹோஸ் கிளாம்ப்களைப் பாருங்கள். சூடு என்று நினைப்பது சில நேரம் வெறும் பூஸ்ட் கசிவுதான், அதாவது டர்போ அழுத்தி அனுப்பும் காற்று வழியிலேயே கசிவதுதான்!