போர் அச்சோவியங்களை ரசிக்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

1894–95 சீன-ஜப்பானியப் போர் பற்றிய ஜப்பானிய மர அச்சு ஓவியங்களை இணையத்தில் பார்த்தேன். பனி, இரவு, நெருப்பு வெளிச்சம். கண்ணை எடுக்கவே முடியவில்லை. ஆனால் விழுந்து கிடப்பவர்கள் எல்லாரும் சீனர்கள். ரசித்ததே தப்போ என்று உறுத்துகிறது. ஓவியர்கள் கண்ணால் கண்டதைத்தானே வரைந்திருப்பார்கள்?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

அவர்களில் பெரும்பாலோர் போர்க்களத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தோக்கியோவில் உட்கார்ந்து, தந்தி வழியே நாளிதழுக்கு வந்த செய்திகளைப் படித்து வரைந்தார்கள். பதிப்பாளருக்கு அவசரம். செய்தி ஆறுவதற்குள் செதுக்கி, அச்சடித்து, விற்றாக வேண்டும். அதனால் முகங்களை நம்பாதீர்கள். கறுப்புச் சீருடை, நிமிர்ந்த முதுகு, கத்தரித்த மீசை என்றால் ஜப்பானியர். பளீர் நிற உடை, திறந்த வாய், பறக்கும் சடை என்றால் சீனர். 1894 நவம்பரில் போர்ட் ஆர்தர் என்ற சீனத் துறைமுக நகரைப் பிடித்த ஜப்பானியப் படை, கைதிகளையும் ஊர் மக்களையும் கொன்று குவித்தது. நான் பார்த்த அச்சுகளில் அது இல்லை.

உங்களைக் கட்டிப்போட்ட வெளிச்சத்துக்கு வருகிறேன். அதில் கைதேர்ந்தவர் கோபயாஷி கியோச்சிகா. 1876 முதல் தோக்கியோவின் அந்தியையும் விளக்கொளியையும் வரைந்தவர். 1868-இல் உள்நாட்டுப் போரில் தோற்றுப்போன தோகுகவா ஆட்சியாளர்களின் தரப்பில் இருந்தவரும்கூட. இதே போரில் மஞ்சள் கடலில் நடந்த கப்பற்சண்டையை அவர் மூன்று தாள்களைச் சேர்த்து வரைந்திருக்கிறார். அதில் கடலையே நெடுக்காக வெட்டிக் காட்டுகிறார். மேலே புகையும் பீரங்கியும். கீழே, தண்ணீருக்குள், மூழ்கும் சீனக் கப்பலும் அதோடு அமிழும் மாலுமிகளும். தலைப்பு என்னவோ வெற்றி முழக்கம்தான். ஆனால் அந்த அடிக்கடலில் நின்று பார்க்க வேறு யாருக்குத் தோன்றியது? முதலில் பார்த்தபோது, தோல்வி தெரிந்தவர் எதிரிக்காக ஒரு கணம் கலங்கியிருக்கிறார் என்றே நம்பினேன்.

அப்புறம்தான் அவருடைய 'நூறு வெற்றி, நூறு சிரிப்பு' கேலிப்பட வரிசை கண்ணில் பட்டது. அதே போர்க்காலம், அதே கை. சீனர்களைக் கோழைகளாக, கோமாளிகளாக, பார்க்கக் கூசும்படி வரைந்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்தக் கடல் ஓவியத்தை அவருடைய மனசாட்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மாலுமிகளையும் அவர் வெற்றியின் அழகாகவே பார்த்திருக்கலாம்.

சரி, ரசிக்கலாமா? ரசியுங்கள். நானும் ரசிக்கிறேன். ஆனால் அந்தக் கேலிப்படங்களையும் தேடி எடுத்து, கடல் ஓவியத்துக்குப் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். உங்கள் உறுத்தல் போகாது. போகவும் வேண்டாம்.

அன்புடன்.