தகரக் கொட்டகைதான் முகவரி, கணக்கு கிடைக்குமா?

கேள்வி: ஊர் திருவண்ணாமலைப் பக்கம். பெங்களூரில் கட்டட வேலை, சைட்டிலேயே தகரக் கொட்டகையில் தங்கியிருக்கிறேன். உள்ளூர் முகவரிச் சான்று இல்லையென்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: ஆதாரில் ஊர் முகவரி இருக்கிறதல்லவா, இப்போது தங்கியிருக்கும் இடத்தை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும், ரிசர்வ் வங்கியின் கேஒய்சி (வாடிக்கையாளர் யாரென்று சரிபார்க்கும்) விதியே அதுதான், வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில் தேவையில்லை. தயங்காமல் மேலாளரையே பாருங்கள். சம்பளத்தை மேஸ்திரி கணக்கில் போடச் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. அப்புறம், எந்த ஆவணமுமே இல்லாத கூட்டாளிகள் இருந்தால் அவர்களுக்குச் 'சிறு கணக்கு' உண்டு: போட்டோவும், அதிகாரி முன்னால் கையெழுத்தோ கைநாட்டோ போதும், ஆனால் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, மாதம் 10,000 வரைதான் எடுக்கலாம், 12 மாதத்துக்குள் அடையாள ஆவணத்துக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.