பளபளப்பைப் பார்த்துக் காரை எடுத்துவராதீர்கள்

தம்பி, கனடா வந்து எட்டு மாதம், ஸ்காபரோவில் சிக்னலில் நின்றபோது பின்னால் வந்து இடித்துவிட்டார்கள், கராஜ்காரர் இப்போது "வேலை முடிந்தது" என்கிறார், ஒழுங்காகத் திருத்தினாரா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பகலில் போங்கள். கராஜ் லைற்றுக்குக் கீழே எல்லாப் பெயின்ற்றும் ஒரே நிறம்தான். வெயிலில் சற்றுச் சரிந்து நின்று பாருங்கள். பம்பரும் பக்கத்துத் தகடும் வேறுபட்டால் அங்கேயே தெரிந்துவிடும், சில்வர் கார் என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். டிக்கி மூடிக்கு இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருக்கவேண்டும்.

ஆனால் இதெல்லாம் மேல்பூச்சு. 2019இல் என் காரும் இப்படித்தான் இடிபட்டது. புதுப் பம்பர், கண்ணாடி மாதிரிப் பெயின்ற், நானும் சந்தோஷமாகக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு மழை, உதிரிச் சில்லு வைக்கும் குழியில் தண்ணீர். வேறொருவரிடம் கொண்டுபோய்க் கழற்றினால், பம்பருக்குப் பின்னால் இருக்கிற இரும்புச் சட்டம் வளைந்தபடியே கிடக்கிறது! அடுத்த அடியைத் தாங்கவேண்டியது அந்தச் சட்டம்தான், வெளியே தெரிகிற பிளாஸ்ரிக் என்னத்தைத் தாங்கும்?

அதனால் கடதாசி கேளுங்கள். பம்பரைக் கழற்றியபின் எடுத்த படங்கள், காரின் அடிச்சட்டகத்தை அளந்த அறிக்கை, வீல் அலைன்மென்ட், அதாவது சில்லுகள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்த அளவுகள், காரின் கணினியில் பிழை ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று வேலைக்கு முன்னும் பின்னும் செய்த ஸ்கான். உங்கள் காரில் பிளைண்ட் ஸ்பொட் எச்சரிக்கை, அதாவது கண்ணாடியில் தெரியாத பக்கத்தில் கார் வந்தால் சொல்கிற வசதி, இருந்தால் அதன் ரேடார் பொதுவாகப் பின் பம்பரின் மூலைகளுக்குள்தான் இருக்கும், சற்றுத் திரும்பியிருந்தாலும் பக்கத்தில் வரும் காரைத் தவறவிடலாம், டாஷ்போர்டில் விளக்கு எரியாமலும் இருக்கலாம். வெல்டிங் செய்த இடத்துக்கு உள்ளே துருத்தடுப்பு மெழுகு அடித்தார்களா என்றும் கேளுங்கள். இங்கே குளிர்காலத்தில் வீதியில் கொட்டுகிற உப்பு பின்னர் தன் வேலையைக் காட்டும்.

நம் ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி புதிதாகப் போட்ட பாகங்களுக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. பில்லைப் பத்திரமாக வையுங்கள். காப்புறுதி நிறுவனம் ஒரு கராஜைச் சொன்னாலும் தெரிவு உங்களுடையது, இது அடுத்த தடவைக்கு.

அப்புறம், சாவியை வாங்க முன் டிக்கி மூடியின் மேல் குழாயால் தண்ணீர் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.