‘இந்த வயசுக்கு நல்லா எழுதுறே’ என்பதைத் தாண்டி...

வாசகர் கேள்வி - பதில்

இளம் வயதில் எழுதத் தொடங்கியவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெரும்பாலான கடிதங்களில் ஒரே ஆதங்கம்தான்: பெரியவர்கள் பாராட்டுகிறார்கள், ஆனால் பொருட்படுத்துவதில்லை.

கேள்வி: எனக்கு 16 வயது. பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பும்போது வயதைச் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் ‘இந்த வயதுக்கு நன்றாக இருக்கிறது’ என்கிறார்கள். சொல்லாவிட்டால் ஏமாற்றுவதுபோல் இருக்கிறது.

பதில்: நாற்பது வயதுக்காரர் கதை அனுப்பும்போது வயதை எழுதுவதில்லை. அதை யாரும் ஏமாற்று வேலை என்பதில்லை. உங்களுக்கும் அதே நியாயம்தான். வயதை மறைக்காமல் சொல்ல வேண்டிய இடங்கள் மூன்று: வயது வரம்புள்ள போட்டி, ஒப்பந்தம், யாராவது நேராகக் கேட்கும் சமயம். மற்றபடி கடிதத்தில் அதற்கு வேலையில்லை.

இளையவர்கள் அனுப்பும் கடிதங்களில் அடிக்கடி வரும் வாசகம் இது: ‘நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். இது என் கன்னி முயற்சி. பிழையிருந்தால் பொறுத்து, ஊக்கம் தர வேண்டுகிறேன்.’ எழுதியவர் இதைப் பணிவு என்று நினைக்கிறார். படிப்பவருக்கோ இது சலுகை கேட்கும் விண்ணப்பம். கதையைத் திறப்பதற்கு முன்பே அளவுகோலைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பிறகு குறைந்த அளவுகோலால் அளந்துவிட்டார்கள் என்று வருந்துவதில் பயனில்லை. இப்படி எழுதுங்கள்:

‘வணக்கம். “கடைசி மணி” என்ற சிறுகதையை இணைத்திருக்கிறேன். சுமார் 1,800 சொற்கள். இதுவரை எங்கும் வெளிவரவில்லை, வேறு இதழின் பரிசீலனையிலும் இல்லை. முகவரியும் தொலைபேசி எண்ணும் கோப்பின் முதல் பக்கத்தில் உள்ளன.’

இவ்வளவு போதும். கதையின் கருத்தை விளக்க வேண்டாம். விளக்கினால்தான் புரியும் என்றால் திருத்த வேண்டியது கதையை.

கோப்பு யூனிகோடு எழுத்துருவில், வேர்ட் வடிவில் இருக்கட்டும். கையெழுத்துப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் இன்னொருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும். பிடிஎஃப் அனுப்பினால் எளிதில் திருத்த முடியாது, தமிழ் எழுத்துகளை நகலெடுக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறவும் கூடும். கோப்பின் பெயர் ‘கதை1’ என்று இல்லாமல் தலைப்பும் உங்கள் பெயருமாக இருந்தால் நூறு கோப்புகளுக்கு நடுவே தொலையாது. அனுப்பிய மறுநாளே ‘திருத்திய பிரதி’ என்று இன்னொன்றை அனுப்புவது அவசரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எழுதி முடித்ததும் ஒரு வாரம் எடுத்து வைத்துவிட்டு, மறுபடி படித்துத் திருத்திய பிறகு அனுப்பினால் அந்தத் தேவையே வராது. பதிலுக்கு எவ்வளவு காலம் என்று இதழ் அறிவித்திருந்தால் அதுவரை பொறுங்கள். அறிவிக்காவிட்டால் மூன்று மாதம் கழித்து இரண்டே வரியில் விசாரியுங்கள்.

ஒற்றுப்பிழைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரியவர் பிரதியில் அவை கவனக்குறைவு என்று கடந்துபோகும். இளையவர் பிரதியில் ‘இன்னும் தேறவில்லை’ என்ற தீர்ப்பாகிவிடும். இது அநியாயம்தான், ஆனால் சரிசெய்வது உங்கள் கையில் இருக்கிறது. மூன்று இடங்களை மட்டும் விடாமல் பார்த்தாலே பிரதி வெகுவாகத் தெளிந்துவிடும்: அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின் (அந்தப் பையன்), ‘ஐ’ உருபுக்குப் பின் (அவனைப் பார்த்தேன்), ‘கு’ உருபுக்குப் பின் (வீட்டுக்குப் போனாள்). அடுத்து உரையாடல். ஒரே பாத்திரம் ஒரு பக்கத்தில் ‘நான் போறேன்’ என்றும் அடுத்த பக்கத்தில் ‘நான் செல்கிறேன்’ என்றும் பேசக் கூடாது. உரையாடல்களை மட்டும் தனியே வாய்விட்டுப் படித்தால் இது உடனே காதில் உறுத்தும்.

கேள்வி: வீட்டிலும் பள்ளியிலும் எதைக் காட்டினாலும் ‘நல்லாருக்கு’ என்பதோடு சரி. உண்மையான கருத்து சொல்ல வைப்பது எப்படி? (14 வயது வாசகி)

பதில்: ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லாருக்கு’ என்றுதான் பதில் வரும். அன்புள்ளவர்கள் வேறெதுவும் சொல்ல மாட்டார்கள், உங்கள் முகம் வாடிவிடும் என்ற பயம் அவர்களுக்கு. கேள்வியை மாற்றுங்கள். நோட்டுப் புத்தகத்தை முழுதாக நீட்டாமல் ஒரே ஒரு கதையை, ஐந்து பக்கத்துக்கு மிகாமல், ஓரத்தில் இடம் விட்டு அச்செடுங்கள். ஒரு பென்சிலும் கொடுங்கள். ‘எங்கே படிப்பதை நிறுத்தத் தோன்றியதோ அங்கே ஒரு கோடு, எது புரியவில்லையோ அங்கே ஒரு கேள்விக்குறி. வேறெதுவும் எழுத வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுங்கள். எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கோடு விழாது.

மூன்று பேரிடம் கொடுங்கள். ஒருவர் மட்டும் கோடு போட்ட இடம் அவருடைய ரசனையாக இருக்கலாம். மூவரும் ஒரே பத்தியில் தடுக்கியிருந்தால் கோளாறு பத்தியில்தான். கருத்து சொல்பவரிடம் ‘இல்லை, நான் சொல்ல வந்தது என்னவென்றால்...’ என்று தொடங்கவே கூடாது. தொடங்கினால் அடுத்த முறையும் ‘நல்லாருக்கு’தான். குறித்துக்கொண்டு, நன்றி சொல்லி, இரண்டு வாரத்தில் திருத்திய பிரதியோடு வாருங்கள். பெரியவர்கள் உங்களைப் பார்க்கும் விதம் பெரும்பாலும் அந்த இரண்டாவது பிரதியில்தான் மாறுகிறது. பொழுதுபோக்காக எழுதுகிறவர் திரும்பி வருவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

நீங்கள் அனுப்பிய கதையிலிருந்தே ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: ‘அவள் கனத்த இதயத்தோடும் சொல்லொணாத் துயரத்தோடும் அந்த வீட்டைவிட்டு வெளியேறினாள்.’ இதைப் படிப்பவர் எதையும் பார்ப்பதில்லை. இதயம், துயரம் இரண்டும் ஏற்கெனவே ஆயிரம் கதைகளில் புழங்கித் தேய்ந்தவை. அதே இடத்தில் இப்படி இருந்தால்? ‘செருப்பை மாட்டினாள். வார் அறுந்திருந்தது. கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்கினாள்.’ துயரம் என்ற சொல் இல்லை. ஆனால் திரும்பிப் போய் வேறு செருப்பு எடுக்கக்கூட அவளுக்கு மனமில்லை என்பது தெரிகிறது. உங்கள் கதையில் இப்படி மாற்றக்கூடிய வரிகள் ஏழெட்டு இருக்கின்றன. நீங்களே தேடிப் பாருங்கள்.

கேள்வி: ‘உனக்கு என்ன அனுபவம் இருக்கு, எழுத வந்துட்டே?’ என்று ஓர் உறவினர் எல்லார் முன்னாலும் கேட்டார். என்ன பதில் சொல்வது?

பதில்: அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை. கேள்வியில் இருக்கும் பாதி உண்மையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருடத் திருமண வாழ்வின் கசப்பை 15 வயதில் எழுதினால் அது பெரும்பாலும் படித்ததன் எதிரொலியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே வாரத்தில் ஒரு நட்பு எப்படி முறிகிறது, பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசும் வீட்டில் ஒரு பிள்ளை எதையெல்லாம் கேட்டும் கேட்காததுபோல் இருக்கிறது, இதையெல்லாம் பெரியவர்கள் தங்கள் நினைவிலிருந்து எழுத வேண்டும். நீங்கள் கண்ணெதிரே பார்த்து எழுதலாம்.

தெரியாத உலகத்தை எழுதவே கூடாது என்பதும் இல்லை. விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். செவிலியர் ஒருவர் கதையில் வந்தால், செவிலியர் ஒருவரிடம் நேரில் கேளுங்கள்: இரவுப் பணி எத்தனை மணிக்குக் கைமாறும், உள்ளே நுழைந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள், விடியற்காலை மூன்று மணிக்கு உடம்பில் எந்த இடம் வலிக்கும்? இப்படிக் கேட்டு எழுதிய ஒரு பத்தியைப் படித்தவர் அனுபவத்தைப் பற்றிப் பேச மாட்டார்.

கேள்வி: இதழாசிரியர் ஒருவர் என் கட்டுரையைச் சிவப்பு மயமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார். இத்தனை திருத்தம் என்றால் வேண்டாம் என்றுதானே அர்த்தம்? (17 வயது வாசகர்)

பதில்: இல்லவே இல்லை. வேண்டாம் என்றால் ஒரு வரியில் முடித்திருப்பார். ஒரு பிரதியை வரி வரியாகத் திருத்துவது மணிக்கணக்கான வேலை, வெளியிடும் எண்ணம் இல்லாமல் யாரும் அதற்கு இறங்க மாட்டார்கள். நீங்கள் ஏங்கிய மரியாதை உங்கள் கையில்தான் இருக்கிறது, அது சிவப்பு நிறத்தில் வந்திருப்பதால் அடையாளம் தெரியவில்லை.

அன்றைக்கே பதில் எழுதாதீர்கள். மறுநாள் திருத்தங்களை மூன்றாகப் பிரியுங்கள். எழுத்துப்பிழை, தகவல் பிழை: அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். ‘இங்கே புரியவில்லை’ என்ற வகை: அவர் சொன்ன மாற்றம் பிடிக்காவிட்டால் நீங்களே வேறு விதமாக மாற்றுங்கள், ஆனால் மாற்றாமல் விடாதீர்கள். மூன்றாவது, ரசனை சார்ந்தவை. இதில் மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள்: ‘மூன்றாம் பக்கத்தில் “ஆத்தா” என்பதை “அம்மா” என்று மாற்றியிருக்கிறீர்கள். அந்தக் குடும்பத்தில் அப்படித்தான் அழைப்பார்கள், அதனால் பழையபடியே விட்டிருக்கிறேன்.’ எல்லாவற்றையும் தலையாட்டி ஏற்பவரையும் எல்லாவற்றுக்கும் சண்டை போடுபவரையும் வைத்து வேலை செய்வது சிரமம். எதை விட்டுக்கொடுப்பது என்று தெரிந்தவரோடு யாரும் மறுபடியும் வேலை செய்வார்கள்.

திருத்தி எழுதுவது கற்றுக்குட்டிக்குத் தரும் தண்டனை என்று ஓர் எண்ணம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளுக்குப் பயந்து குடும்பத்தோடு ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். போர்க்கால நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பாதுகாத்து வையுங்கள் என்று 1944 மார்ச் மாதம் வானொலியில் வந்த வேண்டுகோளைக் கேட்டார். அந்த மே மாதமே தன் நாட்குறிப்பைத் தனித்தாள்களில் முதலிலிருந்து திரும்ப எழுதத் தொடங்கினார். சில இடங்களை நீக்கினார், சிலவற்றைச் சேர்த்து எழுதினார், தன்னோடு ஒளிந்திருந்தவர்களுக்கு மாற்றுப் பெயர்கள் யோசித்து வைத்தார். தொடங்கும்போது அவருக்கு 14 வயது. திருத்தச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அது புத்தகமாக வேண்டும் என்று அவர் விரும்பினார், அதனால் திருத்தினார்.

கேள்வி: ‘இதை நீயேதான் எழுதினியா? அப்பா எழுதித் தந்தாரா, இல்லை ஏஐயா?’ என்று ஆசிரியை கேட்டுவிட்டார்.

பதில்: இந்தச் சந்தேகம் இயந்திரம் வருவதற்கு முன்பே உண்டு. டெய்சி ஆஷ்ஃபோர்டு என்ற சிறுமி ஒன்பது வயதில் எழுதிய நாவல் 1919இல் வெளிவந்தபோது, முன்னுரை எழுதிய, ‘பீட்டர் பேன்’ கதையின் ஆசிரியர் ஜே.எம்.பாரிதான் உண்மையில் அதை எழுதியவர் என்று பலர் நினைத்தார்கள். சிறுமி பென்சிலால் எழுதிய நோட்டு இருந்தது நல்லதாகிவிட்டது.

உங்கள் நோட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு வரைவையும் தேதி போட்டுத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள், பழையதன் மேலேயே எழுதி அழிக்காதீர்கள். இணையத்தில் எழுதும் செயலி என்றால் முந்தைய வடிவங்கள் தானாகவே சேமிக்கப்படுகின்றனவா என்று பாருங்கள். அடித்துத் திருத்திய தாள்களைக் கிழித்துப் போடாதீர்கள். கேள்வி வரும்போது கோபப்படாமல் ‘முதல் வரைவிலிருந்து காட்டட்டுமா?’ என்று கேளுங்கள். ஏன் இந்தத் தொடக்கம், எந்தப் பத்தியை ஏன் நீக்கினீர்கள் என்று இரண்டு நிமிடம் பேசினால் சந்தேகம் தீர்ந்துவிடும், எழுதாதவரால் அதைப் பேச முடியாது. ஏஐயிடம் உண்மையிலேயே உதவி வாங்கியிருந்தால் எவ்வளவு என்பதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பல இதழ்களும் போட்டிகளும் இதற்கென்று விதி வைத்திருக்கின்றன, அனுப்புமுன் படித்துவிடுங்கள்.

கேள்வி: எழுத்தாளர் கூட்டங்களுக்குப் போனால் என்னைப் பேசவே விடுவதில்லை.

பதில்: அன்றைக்குப் பேசப்போகும் படைப்பை முன்கூட்டியே படித்து, பக்க எண்ணோடு ஒரே ஒரு கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். தொடக்கத்திலேயே நடத்துபவரிடம் ‘எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது’ என்று சொல்லி வையுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. அவளுடைய கவிதைகளைப் பார்த்து ஒரு பதிப்பகம் வியந்து பாராட்டி, பணம் கட்டினால் புத்தகமாக்கித் தருவதாகச் சொல்கிறது. சம்மதிக்கலாமா?

பதில்: பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். உங்கள் மகளின் எழுத்தை விற்க முடியும் என்று நம்பும் பதிப்பகம் தன் பணத்தைப் போடும். உங்களிடம் வாங்குகிறது என்றால் அது அச்சிட்டுத் தரும் சேவை. அதில் தவறில்லை, பிறந்தநாள் பரிசாக ஐம்பது பிரதி வேண்டுமென்றால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் பதிப்பகம் அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள். இன்னும் ஐந்து வருடத்தில் அவளுக்கே வித்தியாசம் தெரியும், அப்போது வலிக்கும். புத்தகத்துக்கு முன்னால் தனிக் கவிதைகளை இதழ்களுக்கு அனுப்பட்டும்.

எந்த ஒப்பந்தமாக இருந்தாலும் சிலவற்றைக் கவனியுங்கள். எழுதியவருக்கு எத்தனை வயதானாலும் பதிப்புரிமை அவருடையதே. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளில் அதற்குப் பதிவுகூடத் தேவையில்லை. ஆனால் வயதுவராதவரின் கையெழுத்து மட்டும் இருக்கும் ஒப்பந்தம் பல நாடுகளில் செல்லாது அல்லது பின்னால் சிக்கலாகும் என்பதால் பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட வேண்டியிருக்கும். ‘எல்லா உரிமைகளும், எல்லா வடிவங்களிலும், நிரந்தரமாக’ என்ற வரி கண்ணில் பட்டால் பேனாவைக் கீழே வையுங்கள். கேட்க வேண்டியது குறிப்பிட்ட வடிவம், குறிப்பிட்ட காலம், விற்பனையில் என்ன பங்கு, பிரதி தீர்ந்து மறுபதிப்பு வராவிட்டால் உரிமை எப்போது திரும்பும் என்பவை. இதற்கெல்லாம் பேச்சில் மட்டும் உறுதி தந்தால் போதாது.

பேச்சுவார்த்தை நடக்கும்போது மகளும் அறையில் இருக்கட்டும். நீங்கள் அவள் சார்பில் கையெழுத்திடலாம், ஆனால் எந்தக் கவிதை உள்ளே, எது வெளியே, எந்தப் பெயரில் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். பதிப்பகத்தின் கடிதங்கள் அவளுக்கும் நகலாக வரட்டும். இந்த ஏற்பாட்டுக்கு முகம் சுளிக்கும் பெரியவர், அல்லது ‘வீட்டில் சொல்ல வேண்டாம், நான் தனியாக வழிகாட்டுகிறேன்’ என்று அவளிடம் மட்டும் பேச விரும்பும் பெரியவர், எவ்வளவு பெரிய எழுத்தாளராக இருந்தாலும் விலகிவிடுங்கள். அப்படி ஒரு செய்தி வந்தால் உடனே உங்களிடம் சொல்லலாம், அதற்காக எழுதுவதை நிறுத்தச் சொல்ல மாட்டீர்கள் என்பதை மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.